எல்லா வண்டிக்கும் இருக்காம்

கார் ஏசியில் இருக்கும் காஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற சாமான் இல்லை. பெற்றோல் எரியும், எஞ்சின் ஒயில் கருகும், பிறேக் பாட் தேயும். ஏசி காஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மறைவெப்பம் படிப்பிக்கும்போது நான் இதைத்தான் உதாரணம் காட்டுவேன். ஆர்134ஏ என்ற குளிரூட்டி சாதாரண அமுக்கத்தில் சைபருக்குக் கீழே 26 பாகையிலேயே கொதித்துவிடும். டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் கொயிலுக்குள் அது ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பிறகு கொம்பிரசர் அமுக்கித் தள்ள, முன்பக்கம் கொண்டென்சருக்குப் போய் அந்தச் சூட்டை வெளியே விட்டுத் திரும்பவும் திரவமாகிறது. சின்னக் காருக்கு அரைக் கிலோவுக்கு அங்கால இங்கால காஸ் போதும். றப்பர் குழாய்களூடாக வருசக்கணக்கில் கொஞ்சம் கசியும், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சித்திரையில் நிரப்பிய காஸ் அடுத்த சித்திரைக்கு முன்னமே இல்லாமல் போகிறதென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருசா வருசம் ஆராவது காஸ் அடிக்கிறார்களா?

இந்தப் பாடத்தை நான் வகுப்புக்கு வெளியேயும் நடத்தியிருக்கிறேன், ஒரு சேர்விஸ் சென்ரர் கவுண்டரில் நின்றுகொண்டு. கேட்டுக்கொண்டிருந்த தம்பி மரியாதையான பிள்ளை. கடைசிவரை தலையாட்டிவிட்டு, "ஓம் ரீச்சர், காஸ் அடிச்சு விட்டிருக்கு, இனிப் பிரச்சினை வராது" என்றார். பேந்து என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தார். "அண்ணை வரேல்லையோ?"

அண்ணை வரவில்லை. கார் என்னுடையது, லீசிங்கும் என்னுடைய சம்பளத்தில்தான்.

2019 கடைசியில் முகவரிடம் புதிதாக வாங்கிய சின்னப் பெற்றோல் கார். எந்தக் கொம்பனி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கொம்பனியோடு கதை முடிந்துவிடும், எனக்குச் சொல்ல வேண்டியது அதைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்று வருடம் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. லீசிங்கோ ஐந்து வருடம். கடைசி இரண்டு வருடமும் கொம்பனி கைகழுவிவிட்ட காருக்கு நாங்கள் தவணை கட்டவேண்டும் என்பதை விற்கிற இடத்தில் ஒருவரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

நான் படிப்பிப்பது கிளிநொச்சியில். யாழ்ப்பாணத்தில் இருந்து கிட்டத்தட்ட 65 கிலோமீற்றர். என்னோடு இன்னும் மூன்று ரீச்சர்மார் வருவார்கள், பெற்றோல் காசைப் பிரித்துக்கொள்வோம். காலையில் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வரும்போது பரந்தன் தாண்டி ஆனையிறவு வெளிக்குள் இறங்கினால் இரண்டு பக்கமும் கடல்நீரேரி, உப்பளம், ஒரு மர நிழல் கிடையாது. சோளகம் வீசுகிற காலத்தில் கண்ணாடியைத் திறந்தால் தூசி, பூட்டினால் அவிச்சல். ஏசி என்பது அந்த வழியில் ஆடம்பரம் இல்லை என்று பின் சீற்றில் இருந்து கொப்பி மட்டையால் விசுக்கிக்கொண்டு வந்த சமய ரீச்சரைக் கேட்டால் சொல்லுவா.

முதல் சித்திரையே ஏசி குளிரவில்லை. ஆனால் அந்தச் சித்திரை 2020ஆம் ஆண்டுச் சித்திரை. மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டி, ஊரடங்கும் போட்டுவிட்டார்கள். கார் போர்ட்டிக்கோவில் நின்றது. ஊரடங்கு தளர்ந்ததும் கொண்டுபோனேன். காஸ் அடித்தார்கள். 2021இலும் பூட்டுவதும் திறப்பதுமாகப் போனது. திரும்பவும் காஸ். 2022 எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை, வரிசையில் கார்கள் நாட்கணக்கில் படுத்துக் கிடந்தன. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கிளிநொச்சிக்குப் போய்வர எத்தனை நாளைக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பஸ்ஸில் போனோம்.

இத்தனைக்கும் வாரண்டியின் மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கார் நின்ற மாதங்களை ஆரும் கழிக்கவில்லை. கிலோமீற்றர் ஒரு இலட்சத்தின் பாதியைக்கூடத் தொடவில்லை, ஆனால் எது முந்துகிறதோ அது என்று எழுதியிருக்கிறதே, திகதி முந்திவிட்டது. 2022 முடிவதற்குள் வாரண்டி போய்விட்டது. அதே வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதமளவில் 360 வரை ஏறியிருந்தது. கொம்பனி தன் செலவில் மாற்றவேண்டியிருந்த பாகம், நாங்கள் எங்கள் செலவில் வாங்குகிற நேரம் பார்த்து விலை ஏறி நின்றது.

இதில் நான் தனி ஆள் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம். அதாவது 2023 முடிகிறபோது இந்தத் தீவில் மூன்று வருட வாரண்டியோடு இறக்குமதியான கார்களில் வாரண்டி மிச்சமிருந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நாடு முழுக்க ஒரே நேரத்தில் வாரண்டிக்கு வெளியே வந்து நின்றது. புதுக்கார் இல்லாததால் பழைய காருக்குப் புதுக்கார் விலை, அதனால் பழுதோடு விற்கவும் மனம் வராது, திருத்தவும் காசு காணாது.

வாரண்டி முடிந்து வந்த முதல் வெயிலுக்கு அதே கவுண்டருக்குப் போனேன். இந்த முறை காஸ் அடிக்கவில்லை. முதல் தடவையாகச் சோதித்தார்கள். "லீக் இருக்கு ரீச்சர். கூலிங் கொயில் மாத்தவேணும்." இவ்வளவு காலமும் இல்லாத லீக் இப்போது எப்படி வந்தது என்று கேட்டேன். பதில் மிகவும் நட்பாக வந்தது. "இந்த மொடலில எல்லா வண்டிக்கும் இருக்கு ரீச்சர். நோர்மல்."

அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. எல்லா வண்டிக்கும் இருக்கு. சரி, அப்படியென்றால் அது என் ஓட்டத்தால் வந்ததில்லை, ஆனையிறவு உப்புக்காற்றால் வந்ததில்லை, என் தலைவிதியாலும் வந்ததில்லை. செய்த இடத்திலேயே வந்த பிழை. கார்க்காரர் கையில் இருக்கக்கூடிய ஆகப் பெரிய சாட்சியம் இந்த ஒரு வசனம். அதைக் கொம்பனியின் ஆளே எடுத்து எங்கள் கையில் தருகிறார், நாங்களும் "ஓ, எல்லாருக்கும் இருக்காம்" என்று ஆறுதல்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். வந்து பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்கிறோம்.

அதே வசனத்தை வேறு ஊரில் சொன்னால் என்ன நடக்கும்? ஹொண்டாவின் மூன்றாம் தலைமுறை ஃபிற் ஹைபிரிட் ஜப்பானில் 2013 செப்டெம்பரில் வந்தது, வெசல் அந்த டிசெம்பரில். எங்கள் ஊர் வீதிகளிலும் இரண்டும் நிறைய ஓடுகின்றன. இரட்டைக் கிளச் கியர்பொக்ஸின் மென்பொருளில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைகள் வந்தன. 2014 ஒக்ரோபரில் ஐந்தாவது றீகோல் அறிவிக்கவேண்டி வந்தபோது கொம்பனித் தலைவர் தன் சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதத்துக்கு விட்டுக்கொடுத்தார், மற்றப் பெரிய அதிகாரிகளும் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார்கள். அங்கே எல்லா வண்டிக்கும் இருக்கு என்றால் எல்லா வண்டியையும் திருப்பிக் கூப்பிடவேண்டும்.

மெல்போர்னில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கச்சியிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவள் ஃபோர்ட் கதையைச் சொன்னாள். அவுஸ்திரேலியாவில் ஃபியெஸ்ரா, ஃபோக்கஸ், எக்கோஸ்போர்ட் கார்களில் பவர்ஷிஃப்ற் என்ற கியர்பொக்ஸ் நடுங்கும், உதறும். முறைப்பாட்டோடு போனவர்களிடம் உங்கள் ஓட்டம்தான் காரணம் என்று கொம்பனி சொல்லிக்கொண்டிருந்தது, கியர்பொக்ஸில் பிரச்சினை இருப்பது தனக்குத் தெரிந்திருந்தும். நுகர்வோர் ஆணைக்குழு வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் சமஷ்டி நீதிமன்றம் ஃபோர்ட்டுக்கு 10 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. காரில் பழுது இருந்ததற்கு என்பதைவிட, பழுதோடு வந்த சனத்தை நடத்திய விதத்துக்கான தண்டம் அது. "அண்ணை வரேல்லையோ"வுக்கும் தண்டம் உண்டோ என்று கேட்டேன். சிரித்தாள்.

அங்கேயுள்ள சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கொம்பனியின் வாரண்டி முடிந்தாலும் சட்டம் தருகிற உத்தரவாதம் முடியாது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருள் நியாயமான காலத்துக்கு உழைக்கவேண்டும், அதுதான் அளவுகோல்; கொம்பனி புத்தகத்தில் போட்ட மூன்று வருடம் அதற்கு எல்லை இல்லை. அமெரிக்காவில் கனெக்ரிகட் மாநிலம் 1982இலேயே புதுக்கார்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரே பழுதைத் திரும்பத் திரும்பத் திருத்தியும் சரிவராவிட்டால் கொம்பனி காரை மாற்றித் தரவேண்டும், அல்லது காசைத் திருப்பவேண்டும். மற்ற மாநிலங்களும் பின்னால் வந்தன.

இங்கே அப்படிக் காருக்கென்று தனிச்சட்டம் இல்லை. இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம். அதை உட்கார்ந்து வாசித்தேன். பதின்மூன்றாம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றால் அதிகார சபை விசாரிக்கலாம், நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக்கொடுக்கவோ காசைத் திருப்பவோ சொல்லி உத்தரவிடலாம். கேட்க நல்லாயிருக்கிறது. கீழே இன்னொரு வரி: முறைப்பாட்டை விற்பனை நடந்து, அல்லது சேவை வழங்கி, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். மூன்று வருட வாரண்டி கொடுக்கிற பொருளுக்கு மூன்று மாதம்! பத்தாவது மாதத்தில் பழுதாகிற கார் என்ன செய்யும்? இந்தச் சட்டத்தை எழுதியபோது அவர்கள் மனதில் இருந்தது பாணும் பால்மாவும்போல, கார் இல்லை.

ஆனால் "அல்லது சேவை வழங்கி" என்ற அந்தத் துண்டில் எனக்கு ஒரு பிடி தெரிந்தது. காரைச் சேர்விஸுக்குக் கொடுத்து ஒரு பழுதைத் திருத்தச் சொல்கிறோம். அதுவும் ஒரு சேவை. அது சரியாகச் செய்யப்படவில்லை என்றால் அந்தத் திகதியில் இருந்து மூன்று மாதம் எண்ணலாம் என்பது என் வாசிப்பு. நான் சட்டத்தரணி இல்லை, விஞ்ஞான ரீச்சர். ஒரு சட்டத்தரணியிடம் காட்டியே ஆகவேண்டிய வாசிப்பு இது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இன்னும் உயிரோடு இருக்கிறது. விற்கும் பொருள் அதன் தேவைக்குப் பொருத்தமாக இருக்கவேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனை அதில் உண்டு. யாழ்ப்பாண வீதிகளில் மோட்டார் கார் ஓட முதலே வந்த சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், போகிற ஆளுக்குக் காலமும் காசும் இருந்தால். அதிகார சபையைக் கூப்பிட 1977 என்ற இலக்கம், யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்திலும் அவர்களின் பிரிவு இருக்கிறது. கூப்பிடுங்கள். கூப்பிட முன்னம் கையில் கடதாசி இருக்கட்டும்.

கடதாசி என்று நான் சொல்வது ஜொப் கார்ட். சேர்விஸுக்குக் கார் கொடுக்கும்போது அடித்துத் தருகிற அந்த ஒரு பக்கத் தாள். அதில் வாடிக்கையாளர் முறைப்பாடு என்று ஒரு கட்டம், செய்த வேலை என்று இன்னொரு கட்டம். பெரும்பாலான ஆட்களின் கார்டில் முதற்கட்டத்தில் இருப்பது "ஜெனரல் செக்கப்". நாங்கள் வாயால் சொன்ன "ஏறும்போது இழுக்குது", "காலையில ஸ்ராட் பண்ண உதறுது", "இடப்பக்கம் ஒரு சத்தம்" எல்லாம் கவுண்டரைத் தாண்டி உள்ளே போவதில்லை. வாரண்டி முடிந்தபிறகு இந்தப் பழுது முதலே இருந்தது என்று சொன்னால் கணினியில் ஒன்றும் இருக்காது.

நான் பரீட்சை விடைத்தாள் திருத்திப் பழகிய ஆள். எழுதாததற்குப் புள்ளி இல்லை என்பது எனக்குப் பிள்ளைகளால் தெரியும். அதனால் முதல் நாளே அந்தத் தம்பியிடம் சொல்லி எழுதுவித்தேன். அவரும் எழுதினார்: "ஏசி நொட் கூலிங்." செய்த வேலை: "காஸ் ரொப் அப். செக்ட் ஓகே." அடுத்த கார்டிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே, எழுத்துப்பிழை உட்பட. வாரண்டிக் காலத்துக்குள் திகதி போட்ட, அவர்களின் முத்திரை குத்திய கார்டுகள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஞ்ஞானச் செயன்முறை அறிக்கை மாதிரியே இருக்கிறது: அதே அவதானம், அதே சிகிச்சை, அதே பெறுபேறு. முடிவு என்ற பகுதியை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

முடிவை எழுதியவர் கோண்டாவில் பக்கம் ஏசி வேலை செய்கிற ஒரு அண்ணை. ஷோறூம் கொயில் மாற்றுவதற்குச் சொன்ன விலையைக் கேட்டு அவர் விசில் அடித்தார். உடனே கழற்றவில்லை. "முதல்ல எங்க போகுதெண்டு பாப்பம் ரீச்சர், பேந்து கழட்டலாம்" என்று காஸோடு ஒரு சாயத்தை ஏற்றிவிட்டு, ஓடிப்போட்டு வரச் சொன்னார். ஒரு கிழமை கழித்துப் போனபோது கராச்சின் பெரிய கதவை இழுத்துச் சாத்தி இருட்டாக்கிவிட்டு ஊதா வெளிச்ச டோர்ச் ஒன்றை எடுத்துக் குழாய் மூட்டுகள், கொம்பிரசர், கொண்டென்சர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிற அந்தச் சின்னக் குழாயின் வாயில் வெளிச்சம் பட்டதும் பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தது. "உள்ளுக்கதான்."

டாஷ்போட்டைக் கழற்றுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பற்றரி வயரை எடுத்து, எயார்பாக்குக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்து, ஸ்ரியரிங்கைக் கழற்றி, ரேடியோவை எடுத்து, ஒவ்வொரு இடத்து ஸ்குறூவையும் ஒவ்வொரு ஹோர்லிக்ஸ் மூடியில் போட்டுப் பேப்பர் துண்டில் எழுதி வைத்தார். பெட்டி வெளியே வந்தது. உள்ளே கொயில், கொப்பி அளவில் ஒரு அலுமினிய வலை. அதன் கீழ் மூலையில் மட்டும் கறுப்பாக, தடிப்பாக, ஒயில் ஊறிய தூசி பிசின்போலப் பிடித்திருந்தது. காஸோடு கொம்பிரசருக்கான ஒயிலும் சுற்றும். காஸ் போகிற ஓட்டையால் ஒயிலும் போகும், அந்த ஒயிலில்தான் தூசி ஒட்டும். அவர் நகத்தால் சுரண்டிக் காட்டினார். படைபடையாக வந்தது. "இது நேற்றைய லீக் இல்லை ரீச்சர். தொடக்கத்தில இருந்தே ஊறியிருக்கு. மூட்டு ஒட்டின இடத்தில பாருங்கோ." கழுவித் துடைத்தபிறகு பார்த்தேன். பொருத்திய விளிம்பில் தலைமயிர் அளவு கீறல்.

இன்னொன்றும் சொன்னார், இது எல்லாருக்கும் உதவும். ஓட்டையை அடைக்காமல் காஸ் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒயில் குறைந்துகொண்டே போகும். கடைசியில் கொம்பிரசர் வறண்டு இறுகும், அதன் இரும்புத்தூள் குழாய் முழுக்கப் பரவும், பிறகு ஒரு கொயிலோடு போகிற வேலை முழு ஏசியையும் மாற்றுகிற வேலையாகும். ஹைபிரிட் கார் என்றால் இன்னும் அவதானம் வேண்டும். அவற்றின் கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, அதற்கு மின் கடத்தாத தனி வகை ஒயில்தான் விடவேண்டும். வீதியோரத்தில் காஸ் அடிக்கிற இடத்தில் சாதாரண ஒயிலைக் கலந்துவிட்டால் மின்காவல் கெட்டுக் கார் பிழை காட்டி நின்றுவிடும். "அப்பிடி ஒண்டு உதில நிக்குது" என்று மூலையில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினார்.

அந்தக் கராச்சில் காத்திருந்த நேரத்தில் கேட்ட கதைகள் தனியாக ஒரு பதிவுக்குக் காணும். ஒருவர் நிசான் லீஃப் வைத்திருக்கிறார். முதல் தலைமுறை, 24 கிலோவாற் மணிப் பற்றரி. அந்தப் பற்றரிக்குத் தண்ணீரால் குளிர்விக்கிற ஏற்பாடு இல்லை, வெயிலில் சீக்கிரம் கொள்ளளவு குறையும். 2012இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்துக் கார்க்காரர் இதைத்தான் கத்தினார்கள். அதன்பிறகு கொம்பனி அங்கே ஐந்து வருடம் அல்லது 60,000 மைலுக்குள், பற்றரியின் கொள்ளளவைக் காட்டுகிற பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பதுக்குக் கீழே போனால் பார்த்துத் தருவதாக வாரண்டியைச் சேர்த்தது. எங்கள் வெயிலும் குறைந்ததில்லை. ஆனால் இங்கே வந்தவை ஜப்பானில் ஓடிய பழைய கார்கள், அந்த வாரண்டி கப்பலில் ஏறவில்லை. அவர் இப்போது நல்லூர்க் கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடுகிறார். கிளிநொச்சி போனால் திரும்பி வரமுடியாது என்றார், பகிடியாகத்தான்.

வாரண்டி முடிந்தாலும் முடியாத ஒன்று இருக்கிறது, அதைப் பலர் வாரண்டியோடு சேர்த்துக் குழப்புகிறார்கள்: றீகோல். தக்காட்டா என்ற ஜப்பானியக் கொம்பனி செய்த எயார்பாக் விசயம் உலகத்துக்கே தெரியும். அதை ஊதச் செய்கிற அமோனியம் நைத்திரேற்று பல வருட வெப்பத்திலும் ஈரலிப்பிலும் சீரழிந்து, விபத்தில் எயார்பாக் விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சிதறும். உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கு மேற்பட்டவற்றைத் திருப்பிக் கூப்பிட்டார்கள், 2017 ஜூனில் தக்காட்டா வங்குரோத்தானது. அமெரிக்காவுக்கு வெளியே முதலில் உயிர்போனது மலேசியாவில், 2014இல். மலேசியாவின் வெப்பமும் ஈரமும்தான் எங்களுக்கும். ஜப்பானில் இருந்து வந்த பழைய கார் வைத்திருப்பவர்கள் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் செசி இலக்கத்தை எடுத்து, அந்தக் கொம்பனியின் ஜப்பானிய றீகோல் தேடலில் போட்டுப் பார்க்கலாம். இதைச் சொன்னால் "எங்கட வண்டியில எயார்பாக் இன்னும் விரியேல்லையே" என்கிறவர்களும் உண்டு. விரிந்தபிறகு தேடவேண்டிய அவசியம் இருக்காது.

கொம்பனிக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு, அதையும் எழுதவேண்டும். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறோம், பார்த்துவிட்டு அதே தண்ணீரை றேடியேற்றருக்குள் விடுகிறோம். ஹைபிரிட் பற்றரிக்குக் காற்று இழுக்கிற ஓட்டை பின் சீற்றின் ஓரத்தில் இருக்கிறது, அதன்மேல் அரிசி மூட்டையைச் சாத்துகிறோம். பிறகு பற்றரி சூடாகிப் போனால் கொம்பனி கள்ளன். இப்படியான முறைப்பாடுகள்தான் உண்மையான முறைப்பாட்டையும் கெடுத்து வைத்திருக்கின்றன.

எங்கள் ஆட்கள் முறையிடாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறதென்று நினைக்கிறேன். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை. அப்பா மொறிஸ் மைனரைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஒஸ்ரின் ஏ40கள் அப்படித்தான் ஓடின. பாகம் இல்லையென்றால் லேத்தில் கடைந்தார்கள். வாரண்டியாவது, கொம்பனியாவது. ஓடினால் போதும் என்று இருந்தோம், எதையும் ஓட வைக்கிற மெக்கானிக்மாரும் எங்களிடம் இருந்தார்கள். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதே கெட்டித்தனம் கொம்பனிக்குப் பெரிய உபகாரம். கோண்டாவில் அண்ணை மூன்றில் ஒரு பங்கு காசில் திருத்தித் தருவார் என்று தெரிந்தால் ஆர் கொழும்புக்குக் கடிதம் எழுதப்போகிறார்கள்? அந்தப் பழுது கொம்பனியின் கணக்கில் ஏறாமலே போகிறது. ஏறாத பழுது அவர்களுக்கு இல்லாத பழுது.

நான் எழுதினேன். கார்டுகளின் பிரதி, கொயிலின் படம், கோண்டாவில் அண்ணையின் பில், எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு. வாரண்டிக் காலம் முடிந்துவிட்டது, வெளி இடத்தில் வேலை செய்திருக்கிறீர்கள், வருந்துகிறோம் என்று பதில் வந்தது. திரும்ப எழுதினேன். இந்தமுறை ஒரே கேள்வி: முதல் கார்டின் திகதியில் வாரண்டி இருந்ததா, இல்லையா? பழுதை நான் அறிவித்த நாள் கணக்கா, நீங்கள் கண்டுபிடிக்கச் சம்மதித்த நாள் கணக்கா? மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்குப் போவேன் என்ற வரியும் கீழே இருந்தது.

கொயிலின் விலையில் பாதியை நல்லெண்ண அடிப்படையில் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். நல்லெண்ணம் என்றால் பொறுப்பை ஏற்கவில்லை என்று பொருள், அடுத்த ஆளுக்கு அதை முன்னுதாரணமாகக் காட்டமுடியாது. எழுத்தில் தாருங்கள் என்றேன். காசு வந்தது, கடிதம் வரவில்லை. மிச்சப் பாதிக்கும் கூலிக்கும் தொடர்ந்து இழுக்க எனக்குத் தவணைப் பரீட்சை நேரம் விடவில்லை. ஏசி இப்போது குளிர்கிறது, பின் சீற்றில் விசிறி இல்லை.

இறக்குமதி திறந்தபிறகு யாழ்ப்பாணத்தில் புதுக்கார்களின் விளம்பரம் மதில் மதிலாக இருக்கிறது. ஐந்து வருட வாரண்டி என்று கொட்டை எழுத்தில். அண்ணாவின் மகன் ஒன்றைப் பார்த்துவைத்துவிட்டு வாரண்டிப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தான். சிவப்புப் பேனையோடு இருந்து வாசித்தோம். முன்பக்கத்தில் ஐந்து வருடம், உள்ளே சின்ன எழுத்தில் பற்றரிக்கு வேறு காலம், ரேடியோவுக்கு வேறு காலம், வைப்பரும் பிறேக் பாட்டும் கிடையவே கிடையாது. ஏசியைப்பற்றிய வசனம் மட்டும் எப்படி வாசித்தாலும் விளங்கவில்லை. விற்பனைக்கார ஆளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "ஏசியில பிரச்சினையே வராது சேர்" என்றார். அதையே மின்னஞ்சலில் போடுங்கள் என்று சொல்லச் சொன்னேன். இரண்டு நாளால் மின்னஞ்சல் வந்தது: ஏசித் தொகுதிக்கு இரண்டு வருடம்.

அடுத்த கிழமை அந்தக் காரையே வாங்கிவிட்டான். ஏன்ரா என்று கேட்டேன்.

"கலர் வடிவாயிருக்கு மாமி."

முதல் சேர்விஸுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவானாம், ஜொப் கார்ட் எழுதுவிக்க.